டிரெய்லரோடு பிக்ஹார்ன் மலையைத் தாண்ட எந்த ரோடு? 14ஏ, 14, 16, இல்லை பில்லிங்ஸ் சுற்றா?

#1 – மழைக்கூடாரம்

வணக்கம். ஜூலை மூன்றாவது வாரம் ராப்பிட் சிட்டியிலிருந்து யெல்லோஸ்டோன் போகிறோம். ரஷ்மோர் மலை பார்த்துவிட்டு ஐ-90 பிடித்து வயோமிங்குக்குள் வந்து, கோடி நகரத்தில் இரண்டு இரவு தங்கல். பிறகு கிழக்கு வாசல் வழியாக ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க். நடுவில் பிக்ஹார்ன் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்ட மேப்பில் யூ.எஸ். 14ஏ, யூ.எஸ். 14, யூ.எஸ். 16 என்று மூன்று வழி தெரிகிறது.

வண்டி: எஃப்-150, 2021 மாடல், 3.5 லிட்டர் டர்போ. கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் பேலோடு (டிரக் தன் மேல் சுமக்கக்கூடிய எடை) 1,640 பவுண்ட்.
டிரெய்லர்: 26 அடி, இரட்டை ஆக்சில், ஜி.வி.டபிள்யு.ஆர். (அனுமதித்த அதிகபட்ச மொத்த எடை) 7,600 பவுண்ட். சாமானோடு எடை மேடையில் ஏற்றிப் பார்த்தது 6,800. டங் எடை (டிரெய்லரின் முன்முனை டிரக் மேல் அழுத்தும் எடை) 13%. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (அந்த எடையை எல்லா ஆக்சிலுக்கும் பகிரும் இணைப்பு) உண்டு. டிரெய்லர் பிரேக்கை இயக்குவது டிரக்கிலேயே வந்த பிரேக் கன்ட்ரோலர்தான்.
ஆட்கள் நாலு பேர், 560 பவுண்ட். பின் பெட்டியில் ஜெனரேட்டர், கருவிகள் 150 பவுண்ட்.

ஏறுவதற்கு டர்போ இருக்கிறது, பயமில்லை. இறக்கம்தான் கேள்வி. எது பாதுகாப்பு?

#2 – டீசல்வாத்தியார்

14ஏ வேண்டாம். மற்ற இரண்டில் எது என்று பேசலாம், இதில் பேச்சே இல்லை.

காரணம் மேற்குச் சரிவு. பால்ட் மவுன்டன் பக்கத்திலிருந்து லோவல் சமவெளிக்கு ஏறக்குறைய 5,000 அடி இறங்குகிறது, அதுவும் கிட்டத்தட்ட பத்து மைலுக்குள். 10% சரிவு என்றால் மைலுக்கு 528 அடி. நீங்கள் கிழக்கிலிருந்து மேற்கே போவதால் அந்தச் சரிவில் முழுக்க இறங்கத்தான் வேண்டும். வழியில் ரன்அவே ராம்ப்கள் (பிரேக் போன வண்டி ஏறி நிற்கும் ஓரப் பாதைகள்) போட்டிருக்கிறார்கள். ராம்ப் போடும் அளவுக்கு அங்கே பிரேக் போயிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். டிரக்கும் ஆட்களும் சாமானும் சுமார் 5,900, டிரெய்லர் 6,800. மொத்தம் 12,700 பவுண்ட், அதாவது 5,760 கிலோ.

6% சரிவில் 40 மைல் வேகத்தை அதிகரிக்காமல் பிடித்து வைக்க வேண்டுமானால், தொடர்ந்து சுமார் 80 குதிரைத்திறனை எங்காவது கரைக்க வேண்டும். டயர் உராய்வும் காற்றும் சேர்ந்து அதில் 30 அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 50. தாழ்ந்த கியரில் 4,000 ஆர்.பி.எம். பக்கம் சுற்றும் பெட்ரோல் இன்ஜின் அதில் பெரும்பகுதியைத் தாங்கிவிடும். பிரேக்குக்கு அவ்வப்போதுதான் வேலை.

அதே 40 மைல் வேகம், 10% சரிவு: 135 குதிரைத்திறன். காற்றும் டயரும் அதே 30-தான் எடுக்கும். இன்ஜினும் அதே அளவுதான் தாங்கும். மிச்சம் அத்தனையும் பிரேக் மேல், இடைவெளி இல்லாமல், பத்து மைலுக்கு. சரிவு 6-லிருந்து 10 ஆனால் பிரேக்கின் பங்கு இரண்டு மடங்கோடு நிற்காமல் பல மடங்காகிறது. 6-க்கும் 10-க்கும் "நாலு பர்சென்ட்தானே வித்தியாசம்" என்று பார்க்கிறவர்கள் தப்புப் பண்ணுவது இங்கேதான்.

16-ல் போங்கள். பஃபலோவில் ஐ-90-ஐ விட்டு, பவுடர் ரிவர் பாஸ் (9,666 அடி உயரக் கணவாய்), டென் ஸ்லீப், வோர்லண்ட், அங்கிருந்து வடக்கே கிரேபுல், பிறகு மேற்கே கோடி.

#3 – ஷெல்அருவி

14ஏ பற்றி வாத்தியார் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் 14-ஐ ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம். கிரானைட் பாஸ் 9,033 அடி, பவுடர் ரிவர் பாஸை விட 600 அடிக்கு மேல் தாழ்வு. பஸ்ஸும் பெரிய மோட்டார்ஹோமும் கோடை முழுக்க அதில் போய் வருகின்றன. ஷெல் கேன்யன் பாறைச் சுவர்கள் இந்த மலையிலேயே அழகான பகுதி. ஷெல் அருவியில் வண்டியை நிறுத்திப் பிரேக்கை ஆறவிட இடமும் இருக்கிறது. ரான்செஸ்டரில் ஐ-90-ஐ விட்டால் கிரேபுல் வரை ஒரே ரோடு.

#4 – டீசல்வாத்தியார்

ஷெல்அருவி, ரோடு மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாஸின் உயரத்தை வைத்து ரோட்டை எடைபோடக் கூடாது. பார்க்க வேண்டியது மூன்று: தொடர்ச்சியாக எத்தனை மைல் இறக்கம், அதன் நடுவே சமதரை வருகிறதா, வளைவுகள் சரிவின் செங்குத்தான பகுதியிலேயே விழுகின்றனவா.

16-ல் பாஸிலிருந்து டென் ஸ்லீப் வரை 5,200 அடி இறக்கம், ஆனால் அது 30 மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பரவிக் கிடக்கிறது. மெடோலார்க் ஏரிப் பக்கம் ரோடு கொஞ்சம் மட்டமாகிறது, பிரேக்குக்கு மூச்சு விட இடம். அதற்குப் பிறகுதான் டென்ஸ்லீப் கேன்யன், அங்கேதான் உண்மையான சரிவும் பெரிய வளைவுகளும். ரோடு அகலம், ஓரத்தில் ஒதுங்க இடம் உண்டு, ஏற்றத்தில் மெதுவாகப் போகிறவர்களுக்குத் தனி லேன் பல இடத்தில் இருக்கிறது.

14-ல் ஷெல் கேன்யன் வளைவுகள் நெருக்கம். 26 அடி டிரெய்லரில் பின் ஆக்சில் வளைவின் உள்பக்கம் வெட்டும், அதனால் லேனுக்குள் அடங்கிப் போக வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். கிழக்குப் பக்கம் டேட்டனிலிருந்து ஏறும் வளைவுகளும் அப்படித்தான். பழகியவருக்குச் சரி. முதல் தடவை இவ்வளவு எடையோடு மலை தாண்டுகிறவருக்கு நான் 14-ஐச் சொல்லமாட்டேன்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. 14-ல் மேற்கே போனால் மலை உச்சியில் பர்ஜஸ் ஜங்ஷன் வரும். அங்கே 14 இடப்பக்கம் தெற்கே திரும்புகிறது, 14ஏ மேற்கே போகிறது. கார் ஜி.பி.எஸ்.க்கு உங்கள் பின்னால் டிரெய்லர் இருப்பது தெரியாது. லோவல் வழியாகக் கோடி என்று கணக்குப் போட்டு 14ஏ-யில் தள்ளிவிடும். அந்தத் தப்பு புரியும்போது சரிவு ஆரம்பித்திருக்கும், 26 அடி டிரெய்லரைத் திருப்ப இடம் தேட வேண்டியிருக்கும். 14-ல் போயே ஆக வேண்டுமென்றால் அடுத்த இலக்காக "ஷெல்" ஊரைப் போடுங்கள், "கோடி" என்று போடாதீர்கள்.

#5 – ஷெல்அருவி

ஜி.பி.எஸ். விஷயம் மிகச் சரி. முதல் தடவை, 26 அடி என்றால் 16-தான் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். 20 அடிக்குள் இருப்பவர்கள் 14-ஐப் பயமில்லாமல் எடுக்கலாம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

#6 – மழைக்கூடாரம்

நன்றி இருவருக்கும். ஒரு சந்தேகம். டிரக்கின் டோ ரேட்டிங் (இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை) 11,000 பவுண்டுக்கு மேல். நான் இழுப்பது 6,800-தான். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது இத்தனை கவலை தேவையா?

#7 – எடைமேடை

அந்த 11,000 எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் டோ ரேட்டிங்குக்கு எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற தரநிலை. அதன் முக்கியமான ஏற்றச் சோதனை அரிசோனாவில் டேவிஸ் அணை ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. 11.4 மைல், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி ஓட வேண்டும், பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள டிரக் 40 மைல் வேகத்துக்குக் கீழே போகக் கூடாது. கடுமையான சோதனைதான். ஆனால் அந்த ஏற்றம் முடியும் இடமே சுமார் 3,500 அடி உயரம்தான். நீங்கள் போவது 9,666 அடி. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3% திறன் இழக்கும், பவுடர் ரிவர் பாஸில் கால் பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். உங்கள் டர்போ அதில் பெரும்பகுதியை ஈடுகட்டும், அது உண்மை. ஆனால் மெல்லிய காற்றில் ரேடியேட்டர் குளிர்வது குறையும், அதற்கு டர்போ உதவாது. ஆயிரம் அடிக்கு 2% வீதம் மொத்த எடையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் கையேடுகள் உண்டு. உங்கள் டிரக் கையேட்டில் டோயிங் பகுதியைத் திறந்து பாருங்கள்.

ஆனால் உங்களுக்கு முதலில் முட்டப்போவது டோ ரேட்டிங் இல்லை, பேலோடு.

டங் எடை: 6,800-ல் 13% = 884
ஹிட்ச்: 90 என்று வைப்போம்
ஆட்கள்: 560
பின் பெட்டி: 150
கூட்டினால் 1,684. ஸ்டிக்கர் 1,640. நாற்பத்துநாலு பவுண்ட் கூடுதல், சிற்றுண்டிப் பெட்டியும் தண்ணீர் பாட்டிலும் இன்னும் சேரவில்லை.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கொஞ்சம் எடையைத் திரும்ப டிரெய்லர் ஆக்சிலுக்குத் தள்ளும். அதை நம்பிக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டாம். ஜெனரேட்டரையும் கருவிப் பெட்டியையும் டிரெய்லருக்குள், ஆக்சிலுக்கு நேர் மேலே தரையில் வையுங்கள். டிரெய்லருக்கு இன்னும் 800 பவுண்ட் இடம் இருக்கிறது. ஆக்சிலுக்குப் பின்னால் வைத்தால் டங் எடை குறைந்து டிரெய்லரின் வால் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், 10%-க்குக் கீழே போகவே கூடாது.

நல்ல தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். காலன் 8.3 பவுண்ட். 40 காலன் நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல், அதுவும் பல டிரெய்லர்களில் தொட்டி முன்பக்கம் இருப்பதால் நேராக டங்கில் ஏறும். கோடியில் குழாய் இணைப்பு உண்டு. மலையைத் தாண்டும் நாளில் கழிவறைக்குத் தேவையான அஞ்சாறு காலன் போதும். எல்லாம் முடிந்ததும் மறுபடி எடை மேடை: டிரக் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் என்று மூன்று எண்களும் தனித்தனியாக வர வேண்டும்.

#8 – கிட்டிப்புள்

நான் கல்கரிப் பக்கம், ரொக்கி மலையில ஓடுற ஆக்களுக்குச் சொல்லுறதை இங்கயும் சொல்லுறன்.

பிரேக்கில காலை வைச்சு லேசா அமத்திக்கொண்டே கீழ வாறவரைக்கும் இறங்காதேங்கோ. அதுதான் முக்கியமான பிழை. லேசா அமத்துறது நல்லது எண்டு தோன்றும், ஆனா பிரேக் பாட், டிஸ்க் ரெண்டும் ஒரு செக்கனும் விடாமச் சூடேறிக்கொண்டே இருக்கும், ஆற நேரமில்லை. சூடு கலிப்பருக்குள்ள போய் பிரேக் ஒயிலைக் கொதிக்க வைக்கும். டொட் 3 ஒயில் புதுசா இருக்கேக்க 205 டிகிரி செல்சியஸ் தாங்கும், ஈரம் உறிஞ்சினாப் பிறகு 140 தான் குறைஞ்சபட்சத் தரம். டொட் 4 எண்டால் 230, 155. ஒயில் கொதிச்சா ஆவிக் குமிழ் வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளுக்குப் போகும், பிரேக் பிடிக்காது. மூண்டு வருசமா மாத்தாத ஒயிலோட மலை ஏறாதேங்கோ.

சரியான முறை இதுதான். இறக்கத்துக்கு ஒரு வேகத்தைத் தீர்மானிச்சுக்கொள்ளுங்கோ, 40 மைல் எண்டு வைப்பம். 40 வந்த உடன கொஞ்சம் பலமா, ஒரு மூண்டு செக்கனுக்கு அமத்தி 35க்குக் கொண்டுவந்திட்டு முழுசா விடுங்கோ. திரும்ப 40க்கு ஏறட்டும். திரும்ப 35. ஏறுறதுக்கு எடுக்கிற நேரம்தான் பிரேக் ஆறுற நேரம். அந்த இடைவெளி அஞ்சாறு செக்கனாக் குறைஞ்சுபோச்செண்டால் கியர் காணாது எண்டு அர்த்தம், இன்னும் ஒரு கியர் கீழ போடுங்கோ.

#9 – மழைக்கூடாரம்

டோ/ஹால் மோடு (டிரெய்லர் இழுக்கும்போது போடும் கியர் அமைப்பு) போட்டால் டிரக்கே கியரைப் பார்த்துக்கொள்ளாதா? ஊர் மலைப்பாதைகளில் "ஏறின கியரிலேயே இறங்கு" என்பார்கள். அதே விதிதானே?

#10 – டீசல்வாத்தியார்

அந்த விதி பழைய லாரிகளுக்கு. அமெரிக்க வணிக ஓட்டுநர் உரிமக் கையேட்டிலேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: பழைய வண்டிகளுக்கு அது பொருந்தியது, இப்போதைய வண்டிகளில் உராய்வு குறைவு, இன்ஜின் திறன் அதிகம், அதனால் ஏறுவதற்குத் தேவைப்பட்டதை விடத் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். உங்கள் டர்போ 6% ஏற்றத்தை ஐந்தாவது, ஆறாவது கியரில் கூட ஏறிவிடும். அதே கியரில் இறங்கினால் இன்ஜின் எதையும் பிடிக்காது. 3.5 லிட்டர் இன்ஜின் ஏறுவதற்குக் கொடுக்கும் பலம் டர்போவால் வருவது. இறங்கும்போது டர்போ இல்லை, வெறும் 3.5 லிட்டர்தான்.

டோ/ஹால் கட்டாயம் போடுங்கள். நீங்கள் பிரேக்கைத் தொட்டால் அது கியரைக் குறைக்கும், நல்ல உதவி. ஆனால் முன்னால் என்ன வளைவு வருகிறது என்று அதற்குத் தெரியாது. இறக்கம் தொடங்கும் முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போது, நீங்களே கையால் மூன்றுக்கோ நான்குக்கோ கொண்டுவந்து பூட்டிவிடுங்கள். வேகம் ஏறின பிறகு கியரைக் குறைக்கப் பார்த்தால் இன்ஜின் ஆர்.பி.எம். எல்லை தாண்டும் என்று டிரக் மறுத்துவிடும். இன்ஜின் 4,000-க்கு மேல் கத்துவதைக் கேட்டுப் பயந்து கியரை ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை கத்தட்டும். க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம்.

ஒரு அளவு சொல்கிறேன். பாஸிலிருந்து டென் ஸ்லீப் வரை 5,240 அடி இறங்கும்போது உங்கள் 12,700 பவுண்ட் விடும் ஆற்றல் 270 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். அந்த வெப்பத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கியர்த் தேர்வு. இன்ஜின் எடுத்தால் ரேடியேட்டர் வழியாகப் போய்விடும். பிரேக் எடுத்தால் நாலு டிஸ்கும் நாலு டிரம்மும் தாங்க வேண்டும்.

#11 – காந்தச்சுருள்

எல்லோரும் டிரக் பிரேக்கையே பேசுகிறீர்கள். 6,800 பவுண்ட் டிரெய்லரை நிறுத்த வேண்டியது டிரெய்லரின் சொந்த பிரேக். அது அரைகுறையாக இருந்தால் டிரக் பிரேக் இருவர் வேலையைச் செய்யும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே இவற்றைப் பாருங்கள்.

முதலில் கரண்ட். மின்சார டிரம் பிரேக்கில் சக்கரத்துக்கு ஒரு காந்தம், 10 அல்லது 12 அங்குல டிரம்முக்கு ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நாலு சக்கரத்துக்கு 12. டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் நீல வயரில் கிளாம்ப் மீட்டர் (கரண்ட் அளக்கும் கருவி) போட்டுக் கன்ட்ரோலரை முழுதாக அழுத்தினால் 12 பக்கம் வர வேண்டும். 9 வந்தால் ஒரு காந்தம் செத்துவிட்டது. எல்லாம் சேர்ந்து குறைவாக இருந்தால் வயர் மெல்லியது அல்லது இணைப்பில் துரு. ஆக்சில் குழாய்க்குள் ஓடும் வயர் உரசி அறுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது அட்ஜஸ்ட்மென்ட். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை இல்லையென்றால் ஜாக்கியில் தூக்கி, பின்தட்டுத் துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தை டிரம் பிடிக்கும்வரை திருப்பி, பிறகு லேசாக உரசிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். ஷூ தூரமாக இருந்தால் கன்ட்ரோலரில் எவ்வளவு ஏற்றினாலும் பலம் வராது.

கெயின் (டிரெய்லர் பிரேக்குக்குக் கன்ட்ரோலர் கொடுக்கும் பலத்தின் அளவு): மட்டமான, காய்ந்த, ஆளில்லாத ரோட்டில் 20-25 மைல் வேகத்தில் கன்ட்ரோலரின் கைநெம்புகோலை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் கெயினைக் குறையுங்கள், டிரெய்லர் சோம்பலாக இழுத்தால் அரை அரையாக ஏற்றுங்கள். பூட்டுவதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். சாமான் முழுதாக ஏற்றிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், காலி டிரெய்லரில் வைத்த அளவு பயன்படாது. பிரேக் குளிர்ந்திருக்கும்போதும் அளவு வேறாக இருக்கும், அதனால் முதலில் நாலைந்து தடவை பிடித்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

பிரேக்அவே ஸ்விட்ச் (டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைப்பது): டிரக்கிலிருந்து டிரெய்லருக்கு மின் இணைப்புக் கொடுக்கும் ஏழு பின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்விட்சின் ஊசியை இழுங்கள். சக்கரம் பூட்ட வேண்டும். பார்த்த உடனே ஊசியைத் திரும்பச் செருகுங்கள், இல்லையென்றால் டிரெய்லர் பேட்டரி தீர்ந்துவிடும். பிளக்கோடு சோதித்தால் கன்ட்ரோலருக்கு ஆபத்து.

டயர்: பக்கச் சுவரில் போட்டிருக்கும் அதிகபட்சக் காற்று, குளிர்ந்த நிலையில், காலையில். எஸ்.டி. (டிரெய்லருக்கான டயர்) 225/75ஆர்15, லோடு ரேஞ்ச் (சுமை வகை) ஈ என்றால் 80 பி.எஸ்.ஐ. மேலே போனால் சூட்டில் எண் கூடும், அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். தேதிக் குறியீட்டின் கடைசி இரண்டு எண் ஆண்டு. ஆறு வருடம் தாண்டியிருந்தால் தடம் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 10, 25, 50 மைலில் நட்டு முறுக்கைத் திரும்பப் பாருங்கள்.

#12 – வடக்குச்சுற்று

மலையையே தொடாமல் போக வழி இருக்கிறது, யாரும் எழுதவில்லையே. ஐ-90-ஐ விடாமல் ஷெரிடன், ஹார்டின், பில்லிங்ஸ், லாரல் வரை போங்கள். லாரலில் தெற்கே 212/310. ராக்வேலில் ரோடு பிரியும், அங்கே 310-ஐப் பிடியுங்கள். 212-ல் போனால் ரெட் லாட்ஜ், அதற்கு மேல் பேர்டூத் பாஸ் 10,947 அடி, கொண்டை ஊசி வளைவுகள், டிரெய்லருக்கு ஏற்ற ரோடே இல்லை. 310-ல் பிரிட்ஜர், அதைத் தாண்டி மொன்டானா 72-ல் பெல்ஃப்ரை, எல்லை தாண்டியதும் அதே ரோடு வயோமிங் 120 ஆகிக் கோடியில் முடியும். மேடு பள்ளம் உண்டு, மலை இல்லை.

பஃபலோவிலிருந்து கோடி 16 வழியாகச் சுமார் 180 மைல், இந்தச் சுற்று சுமார் 270. தொண்ணூறு மைல் அதிகம். ஆனால் பெரும்பகுதி இன்டர்ஸ்டேட், நேரத்தில் வித்தியாசம் நினைப்பதை விடக் குறைவு.

#13 – டீசல்வாத்தியார்

நல்ல வழி. ஒரே எச்சரிக்கை காற்று. மலை இல்லாத இடத்தில் டிரெய்லரைச் சாய்ப்பது பக்கக் காற்றுதான். 26 அடி நீளம், பத்தடிக்கு மேல் உயரம், உள்ளே பாதி வெற்றிடம், அது ஒரு பாய்மரம். வயோமிங் போக்குவரத்துத் துறையின் 511 என்ற ரோடு நிலவரச் சேவையில் "எடை குறைந்த, உயரமான வண்டிகளுக்கு மூடல்" என்று போட்டால் அதில் உங்கள் டிரெய்லரும் அடக்கம். அன்று காலை 511-ல் 16-ஐயும் ஐ-90-ஐயும் இரண்டையும் பாருங்கள். மலையில் இடி மழை, ஐ-90-ல் காற்று இல்லை என்றால் சுற்று. ஐ-90-ல் காற்று, மலை தெளிவு என்றால் 16. இரண்டும் மோசமென்றால் பஃபலோவில் இன்னொரு இரவு. இந்த மூன்றாவதுக்கு ஒரு நாளை முன்பதிவில் ஒதுக்கி வைக்காதவர்கள்தான் மோசமான நாளில் மலையில் இருக்கிறார்கள்.

#14 – காந்தச்சுருள்

காற்று என்றதால் ஆட்டம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இறக்கத்தில் வால் ஆட ஆரம்பித்தால் டிரக் பிரேக்கை மிதிக்கக் கூடாது. டிரக் மெதுவாகும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், ஆட்டம் பெரிதாகும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவும் கூடாது, உங்கள் திருத்தம் எப்போதும் அரை நொடி தாமதமாகப் போய் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். கையை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, கன்ட்ரோலரின் கைநெம்புகோலை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துத் தன்னைத்தானே நேராக்கும். அந்த நெம்புகோல் கைக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தொடப் பழகுங்கள்.

#15 – மழைக்கூடாரம்

16 என்று முடிவு, பில்லிங்ஸ் சுற்று மாற்று ஏற்பாடு. பஃபலோவில் ஒரு நாள் கூடுதலாக வைத்துவிட்டேன். ஜெனரேட்டர் டிரெய்லருக்குள் போகிறது.

இரண்டு கேள்வி மிச்சம். மெடிசின் வீல் (பழங்குடியினரின் பழைய கல்வட்டம்) 14ஏ மேல் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டுமென்று வீட்டில் ஆசை. யெல்லோஸ்டோனிலிருந்து திரும்பும்போது சில்வன் பாஸ் எப்படி?

#16 – ஷெல்அருவி

மெடிசின் வீலுக்கு டிரெய்லர் எதற்கு? அதைக் கோடி முகாமிலேயே விட்டுவிட்டு டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு லோவல் வழியாக 14ஏ ஏறுங்கள். காலி டிரக் என்றாலும் இறங்கும்போது தாழ்ந்த கியர்தான். பேர்டூத் பார்க்க ஆசைப்பட்டாலும் இதே ஏற்பாடு. பனி உருகாத வருடத்தில் 14ஏ தாமதமாகத் திறக்கும், ஜூலை மூன்றாவது வாரத்தில் அந்தக் கவலை இல்லை.

#17 – டீசல்வாத்தியார்

சில்வன் பாஸ் 8,530 அடி. போகும்போது ஷோஷோன் ஆற்றோரமாக மெல்ல ஏறுவதால் சரிவே தெரியாது, கிழக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் ஏற்றம். திரும்பும்போது அதே இடம் இறக்கம்: பாஸிலிருந்து வாசல் வரை ஏழு மைல் அளவில் 1,500 அடிக்கு மேல். பாஸ் உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். பூங்காவுக்குள் வேகம் 45-க்கு மேல் கூடாது, எருமை ரோட்டில் நிற்கும் என்பதால் அதற்கும் கீழேயே வாருங்கள். பூங்காவுக்குள் டன்ரேவன் பாஸ் பக்கம் டிரெய்லரோடு போக வேண்டாம், அதுவும் டிரக்குக்கு மட்டும்.

மலை தாண்டும் நாள்: பஃபலோவில் பெட்ரோல் முழுதாக நிரப்பி, காலை ஏழு, ஏழரைக்குக் கிளம்புங்கள். கோடையில் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மலையில் திரளும், பத்தரைக்குள் நீங்கள் டென் ஸ்லீப்பில் இருப்பீர்கள். காட்டுப் பகுதியில் மாடுகள் ரோட்டைக் கடக்கும், வேலி இல்லை. அதிகாலை, அந்தி இரண்டிலும் மான் அதிகம்.

பாஸ் உச்சியில் வண்டி நிறுத்த இடம் உண்டு. நிறுத்தி, ஹிட்ச் பின், சங்கிலி, ஏழு பின் பிளக், டயர் பார்த்துவிட்டு, கியரைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பின்னால் கார்கள் சேர்ந்தால் பதறி வேகம் கூட்ட வேண்டாம், ஒதுங்கும் இடம் வந்ததும் விட்டுக்கொடுங்கள்.

#18 – காந்தச்சுருள்

டென் ஸ்லீப்பில் இறங்கியதும் ஒரு வேலை. இருபது டாலர் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு நாலு டிரெய்லர் டிரம்மையும் அளந்து எழுதுங்கள். நாலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கவே இல்லை: காந்தம் அல்லது வயர். ஒன்று மட்டும் கொதித்தால் அட்ஜஸ்டர் இறுக்கம், இல்லையென்றால் பேரிங். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் வோர்லண்டிலோ கோடியிலோ சரிசெய்ய வைக்கலாம், சில்வன் பாஸுக்கு முன்னால்.

கரிந்த வாடை வந்தால் உடனே கை பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், சூடான பாட் டிஸ்கில் ஒட்டிப் பதியும். மட்டமான ரோட்டில் பிரேக் தொடாமல் ஒன்றிரண்டு மைல் உருட்டி ஆறவிட்டு, பிறகு நிறுத்தி, கியரில் பூட்டி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

#19 – மழைக்கூடாரம்

தெர்மாமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் ஆர்டர் போட்டாயிற்று. பிரேக் ஆயில் வியாழக்கிழமை மாற்றுகிறார்கள், டொட் 4. எடை மேடை எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.